ஐம்பத்து மூன்றாம் மணி

புதன்கிழமை காலை டைம்கீப்பர் தன் மனைவியிடம் கடைசியாகக் கேட்டது, ஃப்ரீசரில் இருந்த நீல டப்பாவைப் பற்றி.

"இதுல என்ன, பட்டாணியா?"

"மூடி மேல என்ன எழுதியிருக்கு? கண்ணாடியப் போட்டுப் படிங்க, டைம்கீப்பரே."

மூடியின் மேல் கறுப்பு மையில், பட்டை எழுத்தில், 'இது சாப்பாடு இல்லை' என்று எழுதியிருந்தது. உள்ளே செத்த எலிகள் இருபத்து நான்கு, ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. அவள் வேலை பார்த்த பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையின் ஃப்ரீசர் ஒரு கோடையில் இரண்டு முறை மூச்சை நிறுத்தியதிலிருந்து அந்த டப்பா வீட்டில்தான் குடியிருந்தது. பட்டாணியா என்று அவர் கேட்பதும் கண்ணாடியைப் போடு என்று அவள் சொல்வதும் அந்த வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒரு விளையாட்டு.

அவள் வாயில் பாதி ரொட்டியோடு, வண்டு டப்பாக்களுக்குப் போடும் ரப்பர் பேண்டை எடுத்துத் தலைமுடியை முடிந்துகொண்டாள். "இன்னிக்கு நாலு மணி. பிரிக்கிற நாள். வர லேட்டாகும்" என்றாள்.

"அட்டவணை போட்டவன்கிட்டயே அட்டவணை ஒப்பிக்கிறியா, வண்டு?"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பதினொன்றரை மணிக்குத் துறையின் மாடிப்படியில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். இரண்டரை மணிக்கு மருத்துவமனையில், மூளையில் ரத்தம் கசிந்து, எல்லாம் முடிந்திருந்தது. ஐம்பத்தொரு வயது. டைம்கீப்பர் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் அவளுடைய ஆராய்ச்சி மாணவி மட்டும் நின்றுகொண்டிருந்தாள், கையில் மேடத்தின் செருப்போடு.

அவர் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடும் நாற்காலிக்கு வந்துவிட்டார். ஆனாலும் மனைவிக்கு அவர் டைம்கீப்பர்தான். அவருக்கு அவள் வண்டு.

அவள் ஆராய்ந்தது புதைக்கும் வண்டுகளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு முதுகில் ஆரஞ்சுப் பட்டை. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஒரு செத்த எலியை மண்ணுக்குள் இறக்கி, மயிரை மழித்து, பந்துபோல் உருட்டி வைத்துக்கொள்ளும். பக்கத்து மண்ணில் முட்டையிடும். புழுக்கள் பொரித்து வந்ததும் தாயும் தகப்பனும் அந்த இறைச்சியைத் தின்று கரைத்து, வாயோடு வாய் வைத்து ஊட்டும்.

"பூச்சிகள்ல முக்காலே மூணுவீசம் முட்டையப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போயிடும். இது மட்டும் உக்காந்து வளக்குது. ஏன் வளக்குது? வளக்காம விட்டா, பல தலைமுறை கழிச்சு என்ன ஆகும்? என் வேலையே இந்த ரெண்டு கேள்விதான்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். "இதுக்கா பத்து வருஷம் படிச்சே?" என்று அவர் கேட்டதற்கு, "பஸ் லேட்டா வருதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸே இருக்கே, அத விடவா?" என்றாள்.

அவளிடம் இரண்டு வரிசை வண்டுகள் இருந்தன. வீட்டு வரிசையில் பெற்றோர் கடைசிவரை கூட இருப்பார்கள். தனி வரிசையில், ஆணையும் பெண்ணையும் எலியோடு சேர்த்து வைத்த ஐம்பத்து மூன்றாம் மணி நேரத்தில், அதாவது முட்டை பொரிப்பதற்கு முன்னால், இரண்டையும் எடுத்துவிடுவாள். பிள்ளைகள் யார் முகத்தையும் பார்க்காமல் தாமாகவே பிழைக்க வேண்டும். பிழைத்தவற்றை வளர்த்து, அடுத்த தலைமுறைக்கும் அப்படியே செய்வாள். நான்கு வருடத்தில் முப்பது தலைமுறை அப்படி வளர்ந்திருந்தது. ஒரு முறை தவறினால் சங்கிலி அறுந்த மாதிரி.

ஆரம்பத்தில் மாலை ஐந்து மணிக்கு ஜோடி சேர்த்துவிட்டு, மறுநாளுக்கு மறுநாள் ராத்திரி பத்து மணிக்குப் பிரிக்க ஓடிக்கொண்டிருந்தாள். "ஏன், திங்கக்கிழமை காலைல பதினோரு மணிக்குச் சேத்தா புதன்கிழமை சாயங்காலம் நாலுக்குப் பிரிக்கலாமே?" என்று அவர் கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று முதல் வண்டுகளின் அட்டவணையும் அவர் பொறுப்பு. பேருந்து அட்டவணை போலவே கட்டம் கட்டி, சிவப்பு மையில் நேரம் எழுதி, துறையின் சுவரில் ஒட்டிக் கொடுத்தார்.

பிரிக்கும் வேலையை மட்டும் அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. "எல்லாம் நீ செய். இது மட்டும் நான். பாவம் சேந்தா ஒருத்தர் கணக்குலயே சேரட்டும்" என்று மாணவியிடம் சொல்லிவைத்திருந்தாள். முப்பது தலைமுறையும் அவள் கையால் பிரித்ததுதான்.

*

வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். மனைவியின் தங்கை மட்டும் தங்கினாள். சனிக்கிழமை அவள் சமையலறையைச் சுத்தம் செய்யப் புகுந்து, ஐந்தாவது நிமிடத்தில் அலறினாள்.

"மாமா! இங்க வாங்க! ஐஸ் டப்பால எலி!"

"எழுதியிருக்குல்ல, சாப்பாடு இல்லைன்னு."

"இல்லைன்னா வேற என்னன்னு எழுத வேண்டாமா? கல்யாணத்துக்கு முன்னாடி இருபது வருஷம் ஒரே ரூம்ல படுத்திருக்கேன், அவ இப்படின்னு எனக்குத் தெரியும். ஆனா இது ரொம்ப ஓவர். நான் இதத் தூக்கிக் குப்பையில போடறேன்."

"போடாதே."

"எதுக்கு மாமா? இனிமே யாரு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். எழுத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாணவி வந்தாள். ஒரு அட்டைப்பெட்டியில் மேடத்தின் டீ குவளை, குடை, மடித்து மடித்துத் துவண்ட ஒரு சால்வை. எல்லாவற்றுக்கும் அடியில் நீளமான பதிவேடு.

"இது எதுக்கும்மா? இது துறையோடது இல்லையா?" என்றார் டைம்கீப்பர்.

மாணவி உட்காரவில்லை. "நாளைக்குத் துறைத் தலைவர் வண்டு ரூமுக்கு வராரு சார். தனி வரிசைய நிறுத்திட்டு அந்த ரூமை வேற ஒருத்தருக்குக் கொடுக்கப் போறேன்னு சொல்லிட்டாரு. நான் கெஞ்சிக் கேட்டேன். முப்பத்தொண்ணாவது தலைமுறை ஒழுங்கா ஓடியிருந்தா, ஒரு வருஷம் தரேன்னாரு. இல்லைன்னா மூடிடறதாம்."

"ஓடியிருக்குல்ல?"

அவள் பதிலுக்குப் பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இருபது வரிகள், இருபது டப்பாக்கள். 'சேர்த்த நேரம்' என்ற கட்டத்தில் திங்கள் காலை 11.00 என்று மனைவியின் கையெழுத்து, இருபது முறை. 'பிரித்த நேரம்' என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெற்றாக இருந்தது. 'பிரித்தவர்' என்ற கட்டமும்.

புதன்கிழமை நான்கு மணி. அவர் அப்போது மருத்துவமனையில் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு மணி என்னவென்று தெரியாமல் இருந்த நாள்.

"யாருமே போகலையா?"

"நான் போனேன் சார். ஆறு மணிக்கு. ரெண்டு மணி நேரம் லேட்டுதான், அப்பவே எடுத்திருந்தா சரியாப் போயிருக்கும், முட்டை பொரியல." மாணவி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதல் டப்பாவத் திறந்தேன். ரெண்டும் எலி மேல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்துச்சு. சும்மா காத்துக்கிட்டு. அன்னிக்குப் போய் அதுகளப் பிரிக்க எனக்குக் கை வரல சார். மூடிட்டு வந்துட்டேன்."

டைம்கீப்பருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கை வரலையா? நாலு வருஷம்மா! முப்பது தலைமுறை! அன்னிக்கு உனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை!"

"ஆமா சார்."

அவள் தலையை நிமிர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. இந்தப் பெண்தான் ஆம்புலன்ஸில் கூட வந்தவள், அந்தச் செருப்பை மூன்று மணி நேரம் கீழே வைக்காமல் நின்றவள் என்பது அவருக்கு மெல்ல நினைவுக்கு வந்தது.

"உக்காரு" என்றார்.

மாணவி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து பதிவேட்டின் மேல் வைத்தாள். கறுப்பு மை. மனைவி எழுதுவது அதே பேனாவில்தான்.

"வண்டுகள இப்போ எடுத்துட்டு, புதன் நாலு மணின்னு எழுதிடலாம்னு நினைச்சேன் சார். எனக்கு மட்டும்தான் தெரியும். எழுத முடியல. நீங்க வேண்டாம்னா வேண்டாம், எழுதுன்னா எழுதறேன்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். இருபது முறை 4.00. இரண்டு நிமிட வேலை. அவள் போனது போதாதென்று இதுவும் போக வேண்டுமா? அந்த அறை, வண்டுகளின் கண்ணுக்குப் படாத சிவப்பு விளக்கு, அவர் கட்டம் கட்டிக் கொடுத்த அட்டவணை, எல்லாம் ஒரு வெற்றுக் கட்டத்துக்காக நாளைக்கே கிழிந்து குப்பைக்குப் போகும். பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

ஆனால் கை பழகிய பழக்கம் ஒன்று உண்டு. முப்பது வருடத்தில் ஓடாத வண்டியை ஓடியதாக அவர் எழுதியதில்லை. அப்படி எழுதினால், மழையில் நிறுத்தத்தில் நின்று நனைந்தவனை இல்லை என்று சொன்னது மாதிரி. 'பிரித்த நேரம்' கட்டத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, பணிமனையில் எழுதுவதுபோலவே 'ஓடவில்லை' என்று எழுதினார்.

மாணவி நீளமாக மூச்சு விட்டாள். நிம்மதியா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"சரி, இப்போ சொல்லு" என்றார். "ட்ரிப் கட்டானா அதுக்காக ரூட்டையே ரத்து பண்றது கிடையாது. வண்டி எங்க நிக்குதுன்னு பாப்போம். உன் வண்டி எங்க நிக்குது?"

"புரியல சார்."

"அந்தப் புழுக்களுக்கு அம்மா அப்பா ஊட்டியாச்சு. அதனால அதுக கெட்டுப்போச்சு. சரி. ஊட்டின அம்மா அப்பா கெட்டுப்போச்சா?"

"அதுங்க முப்பதாவது தலைமுறை. யாரும் ஊட்டாம வளந்ததுங்க. அதுங்க சுத்தம்தான். ஆனா வழக்கமா பிரிச்ச உடனே அதுங்கள உறைய வச்சிடுவோம் சார். அப்புறமா அளந்து..." மாணவியின் வாய் அப்படியே நின்றது.

"இந்தத் தடவை உறைய வச்சீங்களா?"

"இல்ல" என்றாள். "இல்லியே! பிரிக்கவே இல்லியே! எல்லாம் உயிரோட இருக்கு சார்!"

"ஒரு தடவை முட்டை போட்டது மறுபடியும் போடுமா?"

"போடும். புது எலி கொடுத்தா போடும். ஆனா முதல் தடவையும் ரெண்டாவது தடவையும் ஒண்ணு இல்ல சார், வயசு கூடியிருக்கும், ஒரு தடவை பிள்ளை வளத்திருக்கும்..."

"அதையும் எழுதி வை. ஸ்பேர் வண்டி ஓடினா ஸ்பேர்னுதான் எழுதுவோம். பொய் இல்லையே."

மாணவி எழுந்து நின்றாள், பிறகு மறுபடி உட்கார்ந்தாள். "எலி கிடையாது சார். தலைவர் வாங்கறத நிறுத்திட்டாரு. எனக்கு இருபது எலி வேணும்."

சமையலறை வாசலில் மச்சினி நின்றிருந்தாள், கையில் துடைக்கும் துணியோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இருபத்து நாலு இருக்கு" என்றாள்.

*

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. கறாரானவர். திங்கட்கிழமை காலை அந்தச் சின்ன அறையில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு 'ஓடவில்லை' என்ற சொல்லை இரண்டு முறை படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் டைம்கீப்பர்.

"நாலு மணின்னு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது சார்."

தலைவர் பதிவேட்டை மூடினார். மாணவி தன் திட்டத்தைச் சொன்னாள். அவசரத்தில் பாதியைத் தலைகீழாகச் சொன்னாள். பெற்றோரை இப்போதே எடுக்காமல், புழுக்கள் எலியைவிட்டுக் கலைந்து போகும்வரை விட்டுவைப்பது. பிறகு அரைத்த இறைச்சி கொடுத்துத் தேற்றி, மறுபடி அதே ஜோடியாகச் சேர்ப்பது. ஐம்பத்து மூன்றாம் மணியில் பிரிப்பது.

"சரி, இந்தப் புழுக்கள என்ன செய்யப் போறே?" என்று தலைவர் ஒரு டப்பாவின் மூடியைத் தூக்கினார்.

சிவப்பு விளக்கில் மூன்று தலைகளும் குனிந்தன. மொட்டையாக உருண்ட எலியின் மேல், தாய் வண்டு ஒரு குழிவின் ஓரத்தில் நின்றது. வெள்ளைப் புழுக்கள் முன்பாதி உடம்பை உயரத் தூக்கி, கால்களை ஆட்டி, அதன் வாயைத் தொட முட்டி மோதின. அது குனிந்து ஒன்றுக்கு ஊட்டியது. அடுத்ததற்கு ஊட்டியது.

"முப்பது தலைமுறையா இதுங்களுக்கு யாரும் ஊட்டினதில்ல" என்றார் தலைவர், யாரிடமும் இல்லாமல். "ஆனா கேக்கத் தெரியுது பாரு." மூடியை மெதுவாக வைத்தார். "இதையும் எடை போட்டு எழுதி வை. தூக்கிப் போடாதே. தப்பு நடந்ததால கிடைச்ச கேள்வி, ஆனா நல்ல கேள்வி."

"அப்போ ரூம், சார்?"

"முதல்ல முப்பத்தொண்ணு ஓடட்டும். பாக்கலாம்." வாசல்வரை போனவர் திரும்பி, டைம்கீப்பரைப் பார்த்தார். "உங்க வீட்டு ஃப்ரீசர்லயா எலி வச்சிருந்தாங்க?"

"நாலு வருஷமா."

"நான் அப்பவே சட்டப்படி தடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அடுத்த இரண்டு வாரமும் டைம்கீப்பர் வேலை முடிந்ததும் துறைக்கு வந்தார். பேச்சு அதிகம் இல்லை. மாணவி எடை போட, அவர் எழுதினார். ஜோடி கலையாமல் இருக்க, சின்ன டப்பாக்களில் ஒரே எண்ணை ஒட்டினார். மச்சினி ஊருக்குக் கிளம்பும்போது, "வண்டுக்குச் சாப்பாடு போடற நேரம் தெரியுது, நீங்க சாப்பிடற நேரம் தெரியல. நல்ல டைம்கீப்பர்!" என்று திட்டிவிட்டுப் போனாள். அவர் அன்று நேரத்துக்குச் சாப்பிட்டார். சுவரில் பழைய அட்டவணைக்குக் கீழே இன்னொரு கட்டம் ஒட்டினார். திங்கள் 11.00. புதன் 4.00. சிவப்பு மை.

இரண்டு வாரம் கழிந்த திங்கட்கிழமை நீல டப்பா ஒரு துணிப்பையில் பேருந்தில் போனது. இருபது எலிகள், இருபது ஜோடிகள்.

புதன்கிழமை அவர் மதியத்தோடு விடுப்பு எடுத்துக்கொண்டார். மாணவி இடுக்கியைத் தயாராக வைத்திருந்தாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதைக் கையில் எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள்.

"கொடு" என்றார். "அவ யாருக்கும் கொடுக்கல. எனக்குக் கொடுத்திருப்பா."

"உங்களுக்கு முடியுமா சார்?"

"முடியாது. கொடு."

முதல் டப்பா. மண்ணை ஒதுக்கினார். எலி பந்தாக உருண்டிருந்தது. மேலே இரண்டு வண்டுகள், பக்கத்தில் பக்கத்தில். இடுக்கியை நீட்டினார். அப்போதுதான் எலியின் வயிற்றுப் பக்கம் வட்டமாக வெட்டியிருந்த ஓட்டை கண்ணில் பட்டது.

"இது என்னம்மா, கிழிஞ்சிருக்கு?"

"மேடம் உங்ககிட்ட சொல்லலையா? தனி வரிசை வண்டுங்க போகப் போக இதை முன்னாடியே வெட்ட ஆரம்பிச்சுச்சு. வீட்டு வரிசைல இவ்வளவு சீக்கிரம் வெட்டறது குறைவு. பிள்ளைங்க பொரிச்சு வந்ததும் தானா உள்ள போறதுக்கு வழி."

சொல்லியிருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடிவந்து, "டைம்கீப்பரே, கதவத் திறந்து வச்சுட்டுப் போகுதுங்க! யாரும் சொல்லிக் கொடுக்கல!" என்று கூவினாள். அவர் அப்போது பதினேழாம் நம்பர் வண்டியின் நேரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

ஆணை எடுத்தார். பெண்ணை எடுத்தார். மூடியைச் சாத்தினார். அடுத்த டப்பா. இருபதையும் முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பத்தொன்பதில் ஓட்டை இருந்தது. ஒன்றில் இல்லை, அதையும் மாணவி எழுதிக்கொண்டாள்.

பதிவேட்டின் புதுப் பக்கத்தில், 'பிரித்த நேரம்' கட்டத்தில் ஒவ்வொரு டப்பாவுக்கும் உண்மையான நேரத்தை எழுதினார்: 4.00, 4.01, 4.03. 'பிரித்தவர்' என்ற கட்டத்தில் முழுப் பெயரை எழுதப் போய், யோசித்து, 'டைம்கீப்பர்' என்று எழுதினார்.

"துறையில ஒத்துக்குவாங்களா சார்?"

"அவ ஒத்துக்குவா."

இருபதில் பதினாறு டப்பாக்களில் பிள்ளைகள் பிழைத்தன. ஆறு வாரம் கழித்து, மண்ணைக் கிளறிக்கொண்டு முப்பத்தொன்றாம் தலைமுறையின் முதல் வண்டு தலையை நீட்டியபோது மாணவி பணிமனைக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். என்ன சொன்னாள் என்று அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். "வந்துடுச்சா?" என்று கேட்டார். "வந்துடுச்சு சார், பட்டையெல்லாம் பளபளன்னு!" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர் யாருக்குக் குழந்தை என்று கேட்டார்.

தலைவர் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். எலி வாங்கவும் போட்டார். ஆனால் துறையின் ஃப்ரீசர் அதே வாரம் மறுபடி மூச்சை நிறுத்தியது. மாணவி துணிப்பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள், கேட்கத் தயங்கிக்கொண்டு. அவர் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நீல டப்பாவில் மீதி நான்கு இருந்தன. பையிலிருந்த புது எலிகள் இருபதை அடுக்கினார். பனியில் மை கொஞ்சமும் கரையவில்லை. 'இது சாப்பாடு இல்லை' என்று அதே பட்டை எழுத்தில் இருந்தது.